எழுபத்தைந்துக்குக் கீழே

எடை மேடையில் ஏறுவதற்கு முன் ஹஸ்லிண்டா செருப்பைக் கழற்றினாள். கைப்பையைப் புருஷன் கமாருலிடம் கொடுத்தாள். கைக்கடிகாரத்தைக் கொடுத்தாள். முக்காட்டில் குத்தியிருந்த சின்னப் பித்தளைப் பூவையும் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பூவ எடுத்தா என்னத்தக் கொறையப் போவுது? ஏறுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் சிஸ்டர் மைமுன். ஐம்பதைத் தாண்டிய தாதி. பேசினாலே கூப்பிடுகிற மாதிரி இருக்கும் குரல்.

ஏறினாள்.

"தொண்ணூத்தாறு புள்ளி நாலு!"

எழுதிக்கொள்கிற பெண் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்ததால் அப்படிக் கத்த வேண்டியிருந்தது. நடுவில் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு தம்பதிகள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லாரும் பாடுபட்டது அவளுக்குத் தெரிந்தது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் படித்த பக்கத்தையே மறுபடி விரித்தார்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு. மலேசியாவின் தைப்பிங் ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையை ஒன்பது வருஷமாக நடத்திவந்தாள். நானூறு பிள்ளைகள். இடைவேளை மணி அடித்து இருபது நிமிஷத்துக்குள் நானூறு வாய்க்கும் போட்டாக வேண்டும். வறுத்த மீகூன் சேமியா, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, முட்டை, வாழைப்பழ உருண்டை. பிள்ளைகள் அவளை 'காக் லின்' என்பார்கள். ஆசிரியைகளுக்கும் அவள் காக் லின்தான், ஊருக்கே அக்கா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மாதவிலக்கு அவளுக்கு இஷ்டம்போல வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஐந்து மாதத்துக்கு. சிலருக்கு அப்படித்தான் என்று நினைத்து இருந்துவிட்டாள். பிறகு மாத்திரை, நாட்டு மருந்து, வயிறு உருவுகிற கிழவி, மறுபடி மாத்திரை. கடைசியாக, வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சை தவிர வேறு வழியில்லை என்று அனுப்பி வைத்த இடம் இது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரி.

டாக்டர் ரஃபீடா இளவயதுக்காரி. அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"கருமுட்டை இருப்பு நல்லாவே இருக்கு, காக். உங்க வீட்டுக்காரருக்கும் பெரிய கோளாறு இல்ல. சிகரெட்ட மட்டும் விட்டுரணும்." கமாருல் தலையை ஆட்டினான். "ஆனா இந்த எடைல நான் செய்ய முடியாது. உங்க உயரத்துக்கு எழுபத்தஞ்சுக்குக் கீழ வரணும். வந்த அன்னிக்கே பேர எழுதுறேன்."

"இப்பவே ஆரம்பிச்சா என்ன ஆகும் டாக்டர்?"

"மருந்து கூடுதலா வேணும். அப்பவும் முட்டை கம்மியா வரலாம். எடுக்கறப்ப மயக்க மருந்து குடுக்கறது ஆபத்து. வெச்ச கரு ஒட்டுறது கஷ்டம். ஒட்டுனாலும் கலையறது மத்தவங்களவிட அதிகம். நின்னாலும் சக்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் வரும். பிள்ளைக்காக வந்து நீங்க போயிடக் கூடாதுல்ல?"

"எவ்வளவு நாள் குடுப்பீங்க?"

"நாப்பது வயசு வரைக்கும். அதுக்கு மேல இங்க செய்யறதில்ல."

ஆக இரண்டு எண்கள். ஒன்றை அவள் பிடித்து இழுத்தால்தான் இறங்கும். மற்றது யாரும் தொடாமலே ஏறிக்கொண்டிருக்கும்.

வெளியே மருந்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் ரொட்டித் துண்டுகளை மாத்திரை விழுங்குவதுபோல விழுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு சட்டைக்குள்ளிருந்து துருத்தியது. பெயர் ஜிஹான். தையல்காரி, தைப்பிங்குக்குப் பக்கத்தில் கமுந்திங்கில் கடை.

"உங்கள எவ்வளவு கொறைக்கச் சொன்னாங்க, காக்?" என்று அவளே கேட்டாள்.

"இருபத்தொண்ணு."

"என்னைய அஞ்சு ஏத்தச் சொல்றாங்க. முப்பத்தெட்டு கிலோ நான். உடம்புல ஒண்ணும் இல்லேன்னா முட்டையே வராதாம். வெலக்கு வந்தே பதினோரு மாசம் ஆச்சு." ரொட்டியைக் காட்டினாள். "இது நாலாவது. பாத்தாலே குமட்டுது."

ஹஸ்லிண்டாவுக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எங்கிட்டருந்து அறுத்து எடுத்துக்கடி. ரெண்டு பேருக்கும் வேல முடிஞ்சுது."

"தையல்காரி நான். ஒட்டுத்தையல் போட்டுக்கறேன், குடுங்க."

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே நாளில் தேதி வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒருத்தி சாப்பிட்டுவிட்டு வருவாள், ஒருத்தி சாப்பிடாமல் வருவாள்.

வாழ்க்கை முழுக்கச் சோறு போடுவதே வேலையாக இருப்பவள் சோற்றை விடுவது எப்படி இருக்கும் என்பதை யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. முதலில் சீனியை விட்டாள், பிறகு தேங்காய்ப்பால், பிறகு சோறு. காலை ஐந்து மணிக்கு அடுப்பில் தேங்காய்ப்பால் சோறு கொதித்து ரம்பை இலை வாசம் எழும்போது வெறும் வயிற்றோடு அதன் பக்கத்தில் நின்றாள். ருசி பார்ப்பதையும் நிறுத்தினாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ருசி பார்த்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு என்று உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். இரண்டாம் வாரமே மிளகாய்ச் சம்பலில் உப்பு ஏறியது, பிறகு அறவே இல்லாமல் போனது. உப்பு தப்பினால் சமைத்தவளுக்குக் காதல் என்பது ஊர்க் கேலி. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "என்ன காக் லின், காதல் வந்துருச்சா?" என்றார். சிரித்து வைத்தாள்.

மத்தியானம் பள்ளி விட்டதும் ஏரித் தோட்டத்தைச் சுற்றி நடப்பாள். தைப்பிங் மழை அவளுக்கென்றே மூன்று மணிக்குப் பெய்யும். குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். முழங்கால் வீங்கியது, எண்ணெய் தடவிக் கட்டிக்கொண்டு நடந்தாள். மாதம் ஒரு கிலோ இறங்கும். சில மாதம் காரணமே இல்லாமல் இறங்காது. "உங்க உடம்பு வாகு அப்படி, காக். மத்தவங்களுக்கு இறங்கற மாதிரி இறங்காது. விலக்கு தள்ளிப் போறதும் அதே கோளாறுதான்" என்றாள் டாக்டர் ரஃபீடா.

கமாருல் பஸ் டிப்போவில் மெக்கானிக். நல்ல சுபாவம், பெரிய தொப்பை. அவள் வெள்ளரிக்காய் நறுக்கிச் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பொரித்த கோழியைச் சாப்பிடுவான், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. சிகரெட்டை வீட்டில் விட்டுவிட்டான். டிப்போவில் விட்டானா என்று அவள் கேட்கவில்லை.

அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு மாமியார் வீட்டுக்குப் போனார்கள். மாமியார் சபாரியாவுக்குப் பதினொரு பேரப்பிள்ளைகள். வாசலிலேயே பெருநாள் காசு உறைகளோடு நின்றார். ஹஸ்லிண்டா ஓலையில் வேகவைத்த கெத்துப்பாட் சோற்றில் ஒரு துண்டும் ரெண்டாங் கறியில் ஒரு கரண்டியும் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்தில் அவள் பதினொரு கிலோ இறங்கியிருந்தாள். யாராவது சொல்வார்கள் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது.

"லின், போதுமே" என்றார் மாமியார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "வயித்த இப்படி ரொப்பிக்கிட்டா பிள்ள எங்க உக்காரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கமாருலும் சிரித்தான், பெரிதாக இல்லை. சிரித்துவிட்டு அவள் தட்டைப் பார்த்தான். அவள் அந்தத் தட்டைக் கொண்டுபோய்ப் பின்னால் கோழிகளுக்குக் கொட்டினாள்.

அடுத்த வருஷம் அவள் அம்மா படுத்துவிட்டார். தெற்கே பத்து பஹாட் ஊரில் தம்பி வீட்டில் ஐந்து மாதம் இருந்து பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்ததைத் தின்றாள், தூங்கக் கிடைத்த நேரத்தில் தூங்கினாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து மேடையில் ஏறினபோது எண்பத்தைந்து, தொண்ணூற்றொன்று ஆகியிருந்தது.

சிஸ்டர் மைமுன் அன்று கத்தவில்லை. எண் தெரிகிற சின்னக் கண்ணாடியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு கூடத்தின் கோடி வரைக்கும் தானே நடந்துபோய் எழுதிவிட்டு வந்தார். "அம்மாவுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். ஹஸ்லிண்டா தலையை ஆட்டினாள். இந்த அன்புக்கு அந்தக் கத்தலே தேவலாம் என்று தோன்றியது.

ஜிஹானை அந்தப் பக்கம் காணவில்லை. போனை எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் மீன் கடைக்கு முன்னால் பார்த்தாள். முகம் உருண்டையாகியிருந்தது. ஜிஹான் அவளைப் பார்த்ததும் மீன் பையைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனாவது மாசம்டி?"

"ஆறு." பையை இன்னும் ஒட்டிப் பிடித்தாள். "நாப்பத்துமூணு வந்ததும் தானா வெலக்கு வந்துருச்சு, காக். ஊசி மருந்து ஒண்ணும் வேண்டியிருக்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"பைத்தியமா நீ? பைய இறக்கு, கனமா இருக்கப் போவுது." அவளே பையை வாங்கி ஜிஹானின் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தாள். பிறகு மீன் வாங்க வந்ததை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எடை குறைத்ததைக் கஷ்டப்பட்டுக் குறைத்தாள் என்று சொல்வது பொருந்தாது. தன்னையே தண்டிக்கிறவள் மாதிரி குறைத்தாள். காலையில் ஒரு முட்டை, மத்தியானம் கீரை. ஏரியை இரண்டு சுற்று சுற்றியவள் நான்கு சுற்று சுற்றினாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பள்ளியில் ஒரு நாள் இடைவேளை நேரத்தில் அண்டாவின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். பிள்ளைகள் வரிசை கலையாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்களாம், காக் லின் எழுந்து போடுவார் என்று.

முப்பத்தொன்பது வயதும் இரண்டு மாதமும் ஆனபோது ஒரு செவ்வாய்க்கிழமை மேடையில் ஏறினாள். எழுபத்தைந்து புள்ளி இரண்டு.

சிஸ்டர் மைமுன் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் இன்னும் எழுதல. போயி கக்கூஸ் போயிட்டு வாங்க. வர்றப்ப மாடிப்படிய நாலு தடவ ஏறி எறங்குங்க. தண்ணி குடிச்சிராதீங்க."

ஆறு தடவை ஏறி இறங்கினாள். எழுபத்துநாலு புள்ளி ஒன்பது.

"எழுபத்துநாலு புள்ளி ஒம்பது!" என்று சிஸ்டர் மைமுன் பழைய குரலில் கத்தினார். கூடத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஏது என்று தெரியவில்லை, ஆனாலும் இரண்டு பேர் கை தட்டினார்கள். கமாருல் அவளுடைய கைப்பையை அணைத்துக்கொண்டு அழுதான்.

ஊசிகளை வீட்டிலேயே கமாருல்தான் போட்டுவிட்டான். எண்ணெய்க் கறை போகாத விரல்களால் அவள் வயிற்றுத் தோலைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடிக் குத்துவான். இருபத்தொரு கிலோ போன வயிற்றில் தோல் மட்டும் மிஞ்சித் தொங்கியது. "வலிக்குதா?" என்பான். "குத்துங்க பாங்" என்பாள், புருஷனை அவள் கூப்பிடுவது அப்படித்தான். பத்து நாள்.

ஸ்கேன் கருவியில் உள்ளே பார்த்த டாக்டர் ரஃபீடாவின் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது. "நாலுதான் தெரியுது, காக். போன தடவ பரிசோதிச்சப்ப இருப்பு நல்லா இருந்துச்சு..."

"போன தடவன்னா?"

"மூணு வருசம் முன்னால."

நான்கில் இரண்டு கருவாயின. ஒன்று மூன்றாம் நாள் நின்றுபோனது. மிஞ்சியதை உள்ளே வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஆமாம் என்று வந்தது. கமாருல் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபடியே போனில் கேட்டுவிட்டு வெளியே வந்து, காரணம் சொல்லாமல், பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தானாம். மாமியாருக்கு மட்டும் சொன்னார்கள். அவர் மறுநாளே ஒரு சட்டி கோழி சூப்போடு வந்து நின்றார். "சாப்பிடு லின். எலும்பாப் போயிட்டியே, இப்படி இருந்தா பிள்ளைக்கு என்ன கெடைக்கும்?" அவர் கண்ணில் கேலி இல்லை. நிஜமான கவலை.

எட்டாவது வாரம். இருட்டறையில் திரையில் பயறு அளவுக்கு ஒன்று தெரிந்தது. டாக்டர் ரஃபீடா கருவியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். இதயத் துடிப்பு இல்லை.

"என் எடையா டாக்டர்?"

"இல்ல காக். இந்த வயசுல முட்டையிலயே கோளாறு இருக்கும். கலையறதுல பாதிக்கு மேல இதனாலதான். நீங்க செஞ்சது எதனாலயும் இல்ல."

"வயசுன்னா, முப்பத்தாறுல நான் உங்ககிட்ட வந்தேன்."

டாக்டர் ரஃபீடா திரையை அணைத்தாள். சமாதானம் சொல்லாமல் இருந்ததற்காகப் பின்னால் ஹஸ்லிண்டா அவளை மதித்தாள், அந்த நேரத்தில் அல்ல.

உடம்பு தேறி மறுபடி வரிசையில் நிற்க, அடுத்த தேதி எட்டு மாதத்துக்கு அப்பால். அதற்குள் நாற்பது முடிந்துவிடும். பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்த கடிதம் தபாலில் வந்தது, வேறு நாலு காகிதங்களோடு.

தனியார் கிளினிக் என்றாலே தங்களுக்கு எட்டாது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள், கேட்டாவது பார்ப்போம் என்று ஈப்போவுக்குப் போனார்கள். டாக்டர் வோங் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். புதிதாக எடுத்த பரிசோதனைத் தாளையும் பழைய கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இருப்பு ரொம்பக் கொறஞ்சுபோச்சும்மா. செஞ்சு பாக்கலாம், ஆனா நூறு பேர்ல நாலு பேருக்குக் கெடைக்கும், அவ்வளவுதான். சும்மா ஆச காட்ட மாட்டேன்." பழைய தாளில் விரலை வைத்தார். "இந்த வயசுலயே இங்க வந்திருக்கலாமே?"

"அப்ப நான் தொண்ணூத்தாறு கிலோ."

"எங்ககிட்ட எடைக்கு அவ்வளவு கண்டிப்பு இல்ல. கஷ்டம்தான். ஆனா செஞ்சிருப்போம்."

அவள் கேட்டாள்: "குண்டா இருந்த முப்பத்தாறு, மெலிஞ்ச முப்பத்தொம்பது. இதுல எதுக்குப் பிள்ள பொறந்திருக்கும் டாக்டர்?"

டாக்டர் வோங் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நேர்மையான பதில் எங்கிட்ட இல்ல. அவங்க சொன்னதும் தப்பில்ல. அந்த எடைல ஏதாவது ஆகியிருந்தா உங்க உயிருக்கே வந்திருக்கும். எடை கொறைச்சா சக்கரை எறங்கும், கொதிப்பு எறங்கும், விலக்கு ஒழுங்காகும். முட்டையோட வயசு மட்டும் எறங்காது. ஒருத்தருக்கு எது முந்தணும்னு சொல்றது எங்களுக்கும் குருட்டாம்போக்குதான்."

திரும்பி வரும்போது பழைய சாலையில் வந்தார்கள். மழை. கண்ணாடித் துடைப்பான் அடித்துக்கொண்டிருந்தது. கமாருல் ஆறுதலாகத்தான் சொன்னான்:

"போவட்டும் லின். நான் உன்கிட்ட ஒரு நாளாவது பிள்ள வேணும்னு கேட்டிருக்கேனா?"

"கேக்கல." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "உங்க அம்மா கேக்கறப்பல்லாம் என் தட்டப் பாத்தீங்க."

அவன் காரை ஓரமாக நிறுத்தினான்.

"உங்க தொப்பைய யாராவது அளந்தாங்களா பாங்? மூணு வருசம் என் முன்னால உக்காந்து கோழி தின்னீங்க. சிகரெட்ட டிப்போல ஊதிட்டுப் புதினா மிட்டாய் சப்பிக்கிட்டு வருவீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்னைய மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க. நான் ஏறி எறங்கினேன், ஏறி எறங்கினேன்..."

கமாருல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "மன்னிச்சிரு" என்றான். லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "ஓட்டுங்க, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு பிரிந்துபோகவும் இல்லை, ஒன்றாகிவிடவும் இல்லை. ஒரே வீட்டில், ஒருவர் தூங்கும் நேரம் மற்றவருக்குத் தெரிந்தபடி இருக்கிறார்கள். மாமியார் ஒருமுறை தத்து எடுப்பதைப் பற்றிப் பேச்சை எடுத்தார். ஹஸ்லிண்டா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எடை மெதுவாகத் திரும்பி வருகிறது. எண்பத்தொன்று என்று முழங்கால் பார்க்கிற டாக்டர் சொன்னார். அவள் ஏரிப் பக்கம் போவதில்லை. சம்பலை ருசி பார்க்கிறாள், உப்பு சரியாக இருக்கிறது.

பிள்ளைகள் இருக்கா என்று யாராவது கேட்டால் அந்த ஊரில் எவரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. 'இன்னும் இல்லை' என்பார்கள். தலை நரைத்தவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். மேலே இருக்கிறவன் மனசு வைக்க ஒரு இடம் விட்டு வைப்பது மரியாதை. பதினாறு வருஷமாக ஹஸ்லிண்டாவும் அப்படியே சொல்லிவந்தாள். இந்த ஜனவரியில் பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆசிரியை மாற்றலாகி வந்தாள். முதல் நாள் தட்டை நீட்டிக்கொண்டே, "காக்குக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஹஸ்லிண்டா.

ஆசிரியை, இன்னும் ஏதாவது வருமா என்று காத்து நின்றாள். பின்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹஸ்லிண்டா அவள் தட்டில் மீகூனை வைத்து, பாதி முட்டையும் வைத்து, அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினாள்.